வெயில் ஊரில் தழை வெண்ணெய்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோட்டல்களில் பூண்டு ரொட்டியின் மேலும் பொரித்த மீனின் மேலும் பச்சைப் புள்ளிகளோடு உருகி வழிகிறதே, அந்த ஹெர்ப் பட்டரை வீட்டில் செய்வதற்கான வழிகாட்டி இது. வெண்ணெய், பொடியாக நறுக்கிய தழை, கொஞ்சம் உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு, பொருள்கள் இவ்வளவுதான். அடுப்பைக்கூடப் பெரும்பாலும் பற்றவைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம் ஊரில் முதன்முறை செய்பவர்கள் பலருக்கு இது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிய பச்சைக் கூழாக முடிந்துவிடுகிறது. காரணம், நாம் பார்த்துச் செய்யும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. "வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்" என்று எழுதுகிறவரின் சமையலறை 20 டிகிரியில் இருக்கிறது. அதை நம்பிச் சென்னையில் மே மாதம் வெளியே வைத்தால், ஒரு மணி நேரம் கழித்துத் தோசைக்கு ஊற்றும் பதத்தில்தான் கிடைக்கும்.

நானும் இதோடு நன்றாக மல்லுக்கட்டித்தான் ஒரு வழிக்கு வந்தேன். சூடும் தண்ணீரும் உள்ளே புகாமல் பார்த்துக்கொண்டால் போதும், ருசி தானாக அமைந்துவிடும். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றியவைதான். அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். அளவுகள் எல்லாம் 100 கிராம் வெண்ணெய்க்கு. முதல் முறை அதற்கு மேல் போகாதீர்கள்.

1. வெண்ணெய் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்

உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள். ஆவின், அமுல் இரண்டிலுமே உப்பிட்டதும் உப்பில்லாததும் கிடைக்கின்றன. ஆனால் தெருமுனைக் கடையில் "வெண்ணெய்" என்று மட்டும் கேட்டால் உப்பிட்ட பாக்கெட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். "உப்பில்லாதது, சமையலுக்கு" என்று சேர்த்துக் கேளுங்கள்.

உப்பிட்டதுதான் கையில் இருக்கிறதா? அதுவும் ஆகும், ஆனால் மேலே உப்புச் சேர்க்காதீர்கள். அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அட்டையின் பின்புறமே கண்டுபிடிக்கலாம். சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. தழை வெண்ணெய்க்கு அதுவே சற்று அதிகம்தான்.

அடுத்த பொறி, "ஸ்ப்ரெட்" என்று எழுதிய டப்பாக்கள். அவை வெண்ணெய் இருக்கும் தட்டிலேயே, வெண்ணெயின் நிறத்திலேயே, விலை குறைவாக இருக்கும். வெண்ணெய் என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஸ்ப்ரெட்டுகளில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம், பலவற்றில் தாவர எண்ணெயும் இருக்கும். ரொட்டியில் தடவ எளிதாக இருப்பது அதனால்தான். அதே காரணத்தால் எவ்வளவு குளிரவைத்தாலும் வில்லையாக நறுக்க வராது. பொருள்கள் பட்டியலைப் பாருங்கள். தாவர எண்ணெய் என்று ஒரு சொல் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

வீட்டில் தயிர் ஏடு சேர்த்துக் கடையும் பழக்கம் இருந்தால் அந்த வெண்ணெயே அருமையான மணம் தரும். ஊத்துக்குளி வெண்ணெய் போன்ற கடைந்த வெண்ணெய் கிடைக்கும் ஊர்களில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் இதில் மோர் மிச்சமிருக்கும். அந்த மோர்தான் புளிப்புக்கும் ஊசலுக்கும் காரணம். ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, தண்ணீரை மாற்றி மாற்றி, கலங்கல் இல்லாமல் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பிறகு மரக்கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் சுவரில் வைத்து அழுத்துங்கள். முத்து முத்தாக நீர் கசிந்தால் இன்னும் பிழிய வேண்டும். கசிவு நின்ற பிறகுதான் அடுத்த படி.

கடையில் விற்கும் "ஃபிரெஷ் கிரீம்" பாக்கெட்டை வாங்கி வெண்ணெய் கடையலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 25 சதவீதக் கொழுப்பு கொண்டவை. பிரியாமல் இருப்பதற்கான பொருள்களும் சேர்த்திருப்பார்கள். கை வலிப்பதுதான் மிச்சம்.

2. தழை: கழுவ ஐந்து நிமிடம், காய ஒரு மணி நேரம்

பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரி ஆகியவை நீலகிரியில் விளைகின்றன. பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் சிறு பிளாஸ்டிக் பெட்டியில், தழைக்குக் கொடுக்கிற விலையா இது என்று கேட்கவைக்கும் விலையில் இருக்கும். கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இதற்காக அலைய வேண்டாம். கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள், கறிவேப்பிலை, சதகுப்பைத் தழை (டில்) என்று காய்கறிக் கடையில் இருப்பதே போதும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் மிக மெல்லியதாக அரிந்து போட்டால், வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் சைவ்ஸ் என்ற வெங்காய மணத் தழை இல்லாத குறை தெரியாது. தைமுக்குப் பதிலாக இரண்டு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிப் போடலாம். இரண்டின் மணத்துக்கும் தைமால் என்ற ஒரே பொருள்தான் காரணம். தொட்டியில் கற்பூரவல்லி வளர்ப்பவர்கள் அதையும் முயலலாம், ஆனால் சதைப்பற்றான இலை, உள்ளே தண்ணீர் அதிகம், மணமும் முரட்டுத்தனமானது. இரண்டு சிறிய இலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேசில் இல்லையென்று துளசியைப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கோயில் தீர்த்தத்தைத்தான் நினைவூட்டுகிறது, வேண்டாம்.

கழுவுவதை நறுக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கொத்தமல்லிக் கட்டில் வேரோடு மண் வரும் என்பதால் மூன்று தண்ணீராவது மாற்ற வேண்டும். நன்றாக உதறி, பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை புரட்டுங்கள். சாதாரண நாளில் ஒரு மணி நேரம், ஐப்பசி மழையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். இலை வதங்கி மணமும் போய்விடும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிடித் தழையைக் காகிதக் கைத்துண்டில் வைத்து அழுத்துங்கள். ஈரக்கறை படிந்தால் இன்னும் காய வேண்டும்.

முற்றிய காம்புகளை நீக்கிவிடுங்கள். கொத்தமல்லியின் இளங்காம்பில் மணம் உண்டு, அதை மட்டும் பொடியாக அரிந்து சேர்க்கலாம். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையை வெட்டாமல் நசுக்கும்; புதினா பத்து நிமிடத்தில் கறுத்துவிடும், பலகையில் பச்சைச் சாறு ஓடும். அந்தச் சாறு வெண்ணெய்க்குள் போகும் தண்ணீர்தான். கறிவேப்பிலையை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். எவ்வளவு பொடியாக அரிந்தாலும் வாயில் நார்போலத் தட்டும். வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, ஆறவைத்து, கையால் நொறுக்கிச் சேருங்கள்.

காய்ந்த தழைதான் இருக்கிறது என்றால் பச்சைத்தழையின் மூன்றில் ஒரு பங்கு போதும். சேர்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல்லில் சிக்கும்.

3. வெண்ணெயை இளக்குவது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வெண்ணெய் என்பது கொழுப்புக்குள் மிக நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கியிருக்கும் ஒரு கலவை. 18 முதல் 20 டிகிரிவரை அது வளையும், குழையும், எதையும் ஏற்றுக்கொள்ளும். 32 டிகிரியைத் தாண்டியதும் முழுதாக உருகத் தொடங்கும். சிக்கியிருந்த நீர் விடுபட்டு அடியில் இறங்கிவிடும். மறுபடி குளிரவைத்தால் உறையும், ஆனால் மணல்மணலாக, அடியில் தண்ணீரோடு. அதை எவ்வளவு அடித்தாலும் பழைய பதத்துக்குக் கொண்டுவருவது கடினம்.

ஆகவே மைக்ரோவேவ் வேண்டாம், அடுப்புப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைப் பகடைக்காய் அளவு சதுரத் துண்டுகளாக வெட்டி, பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்புங்கள். எவர்சில்வர் கிண்ணம் கைச்சூட்டையும் மேடையின் சூட்டையும் சட்டென்று உள்ளே கடத்திவிடும். சென்னை, மதுரை, திருச்சிக் கோடையில் 10 முதல் 15 நிமிடம். மார்கழியில் அரை மணி. ஊட்டியில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே நம்பலாம்.

விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், விழுந்த குழி அப்படியே நிற்க வேண்டும், மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும். விளிம்பில் பளபளவென்று எண்ணெய் மினுங்கினால் எல்லை தாண்டிக்கொண்டிருக்கிறது. உடனே கிண்ணத்தோடு ஐந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். கோடையில் இந்த வேலையைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஏசி அறை இருந்தால் கிண்ணத்தை அங்கே கொண்டுபோய்விடுங்கள்.

4. கலப்பது

100 கிராம் உப்பில்லாத வெண்ணெய்க்கு அடிப்படை அளவு இது: பொடியாக நறுக்கிய தழை 3 மேசைக்கரண்டி, தூளுப்பு கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, துருவிய எலுமிச்சைத் தோல் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. இதையே பார்ஸ்லி போட்டுச் செய்தால் பிரெஞ்சுச் சமையலில் மேத்ர தோத்தெல் என்று அழைக்கப்படும் வெண்ணெய்.

வரிசை முக்கியம். முதலில் வெண்ணெயை மட்டும் முள்கரண்டியால் ஒரு நிமிடம் குழையுங்கள். பிறகு உப்பு, மிளகு, எலுமிச்சைத் தோல். அடுத்து தழை. கடைசியில்தான் சாறு, அதுவும் நாலைந்து துளியாக. ஒவ்வொரு முறையும் வெண்ணெய் அதை உறிஞ்சிக்கொண்ட பிறகே அடுத்தது. மொத்தமாக ஊற்றினால் கிண்ணத்தில் வெண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடும், சாறு தனியே நிற்கும். கல்லுப்பைப் போடாதீர்கள். கொழுப்பில் உப்பு கரையாது; பல்லுக்கடியில் ஒரு இடத்தில் கரிக்கும், இன்னொரு இடத்தில் சப்பென்றிருக்கும்.

தோலைத் துருவும்போது மேலே உள்ள நிறப்பகுதியோடு நிறுத்த வேண்டும். நம் நாட்டு எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது. இரண்டு இழுப்பிலேயே வெள்ளைப் பகுதி வந்துவிடும், அது கசக்கும். பழத்தைத் திருப்பித் திருப்பி, ஒரு இடத்தில் ஒரே இழுப்பு. சாறு பிழிவதற்கு முன்பே துருவிவிடுங்கள், பிழிந்த மூடியைத் துருவுவது பெரிய அவஸ்தை.

மிக்ஸியைத் தொடாதீர்கள். சூடு ஒரு காரணம், இலை அரைபட்டுச் சாறு விடுவது இன்னொரு காரணம். அதோடு, எவ்வளவு கழுவினாலும் மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தில் நேற்றைய வெங்காயச் சட்னியின் வாசனை இருக்கும். வெண்ணெய் அதை விடவே விடாது.

இந்த அடிப்படை கைவந்த பிறகு மாற்றிப் பார்க்கலாம். கொத்தமல்லி 2 மேசைக்கரண்டி, விதை நீக்கி அரிந்த பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சை: இது சோளக்கதிருக்கும் இறாலுக்கும். வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை ஒரு மேசைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு முக்கால் தேக்கரண்டி: இதில் எலுமிச்சை வேண்டாம், தோசைக்கும் முட்டைக்கும் இதை அடிக்க ஆளில்லை. சதகுப்பைத் தழையும் எலுமிச்சைத் தோலும்: மீனுக்கு. புதினாவை வெண்ணெயில் தனியாகப் போட்டால் பற்பசை நினைவு வருகிறது என்பது என் கருத்து. கொத்தமல்லியோடு கால் பங்கு சேர்த்தால் சரியாக இருக்கும்.

பூண்டு சேர்ப்பதென்றால் அளவில் கவனம் தேவை. பச்சைப் பூண்டின் காரம் இரவு கழிந்ததும் கூடும். கலந்தவுடன் நக்கிப் பார்த்து "போதவில்லை" என்று இன்னொரு பல்லைப் போட்டால் மறுநாள் தெரியும். சாதாரணப் பூண்டு இரண்டு சிறு பற்கள் போதும். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் ஒரு பல்லே அதிகம். காரம் வேண்டாம், மணம் மட்டும் போதும் என்பவர்கள் தோலோடு தோசைக்கல்லில் போட்டு, சிறு தீயில் அவ்வப்போது புரட்டி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டெடுங்கள். தோலை உரித்தால் பூண்டு வெண்ணெய் போலவே மசியும். நன்கு ஆறிய பிறகு சேர்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டு சேர்த்தால் சேமிக்கும் விதியே மாறிவிடுகிறது. ஆறாம் படியைப் படிக்காமல் பூண்டு போடாதீர்கள்.

5. உருட்டுவது

கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் பேப்பர் ஒரு அடி நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் பட்டர் பேப்பர் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் சில எண்ணெயில் ஊறி, உறைந்த வெண்ணெயோடு ஒட்டிக்கொண்டு கிழியும். பழைய வெண்ணெய் பாக்கெட்டின் உறையைக் கழுவிக் காயவைத்தால் அது இதைவிட மேல். அலுமினியத் தாளை நேரடியாகச் சுற்றாதீர்கள். எலுமிச்சையும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும்.

வெண்ணெயைத் தாளின் உங்கள் பக்க ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, நீளவாக்கில் ஒரு கட்டையாகக் குவியுங்கள். தாளின் உங்கள் பக்க ஓரத்தை அதன் மேல் மடித்து, ஒரு ஸ்கேலின் விளிம்பால் வெண்ணெயின் அடியில் உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே, அடித்தாளின் எதிர்ப்பக்க ஓரத்தை எதிர்த்திசையில் இழுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறி உருளை இறுகும். பிறகு முழுத் தாளையும் சுற்றி, இரு முனைகளையும் மிட்டாய்க் காகிதம்போல எதிரெதிராக முறுக்குங்கள். மூன்றரை சென்டிமீட்டர் பருமனில் உருட்டினால் சுமார் 12 சென்டிமீட்டர் நீளம் வரும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கினால் 12 வில்லைகள்.

உருட்டும்போதே கை வழுக்கினால் போராட வேண்டாம். அப்படியே தாளோடு பத்து நிமிடம் குளிரவைத்து, வந்து உருட்டுங்கள். உருட்டவே வரவில்லை என்பவர்கள் ஐஸ் கட்டித் தட்டில் அழுத்தி நிரப்பலாம். சிலிக்கான் தட்டு நல்லது, கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெளியே எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் இருந்தால் நறுக்கும் பதம் வரும். ருசி சேர ஒரு இரவு வேண்டும். விருந்தாளிகளுக்கென்றால் முதல் நாள் மாலையே செய்து வைத்துவிடுங்கள். நறுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து நறுக்கினால் வில்லை உடையாது.

6. சேமிப்பது: இங்கே அலட்சியம் கூடாது

கடை வெண்ணெய் வாரக்கணக்கில் கெடுவதில்லை என்பதால் இதுவும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. பச்சைத்தழை சேர்ந்துவிட்டால் அது தழையின் ஆயுளுக்கு வந்துவிடுகிறது. பூண்டில்லாத தழை வெண்ணெய் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம். உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில், மூன்று மாதம். அதற்குப் பிறகும் கெடாது, ஆனால் மணம் மங்கிவிடும்.

பூண்டு விஷயம் வேறு. மண்ணோடு தொடர்புள்ள எந்தப் பொருளிலும் போட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். காற்றுப்படாத, புளிப்பில்லாத, குளிர்ச்சியில்லாத இடம் கிடைத்தால் அவை முளைத்து நச்சு சுரக்கும். கொழுப்புக்குள் புதைந்த பூண்டுக்கு முதல் இரண்டும் அமைந்துவிடுகின்றன, வெளியே வைத்தால் மூன்றாவதும். பூண்டைச் சுட்டுப் போட்டாலும் வித்துகள் சாகாது. அதற்கு 121 டிகிரி அழுத்த வெப்பம் வேண்டும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். இந்த நச்சுக்கு வாசனையோ நிறமாற்றமோ இருக்காது என்பதால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யவும் முடியாது. பூண்டு வெண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் அதிகபட்சம் நான்கு நாள் வையுங்கள். மீதியைச் செய்த அன்றே வில்லையாக நறுக்கி உறைபெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். மேசையில் வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நீண்ட மின்வெட்டில் பெட்டி குளிர்ச்சி இழந்து பூண்டு வெண்ணெய் இளகிக் கிடந்தால், மனசு வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சரியாகக் குளிரவைத்தால் பயமே இல்லை.

உறையவைக்கும் முறை: வில்லைகளை ஒரு தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, கெட்டியானதும் டப்பாவில் போடுங்கள். முதலிலேயே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் செய்த தேதியையும் பூண்டு உண்டா இல்லையா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

டப்பாவுக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெண்ணெய் அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மல்லிகையிலிருந்து மணத்தைக் கொழுப்பில் ஏற்றி எடுப்பது வாசனைத் திரவியத் தொழிலின் பழைய முறைகளில் ஒன்று. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலோ ஒரு பக்கம் மல்லிகைச் சரம், இன்னொரு பக்கம் பொங்கிவரும் இட்லி மாவு, கீழே பாதி வெட்டிய பலாச்சுளை. மூடாமல் வைத்த தழை வெண்ணெயில் மறுநாள் பூக்கடை வாசனை அடித்தால் தழைமேல் பழி போடாதீர்கள்.

7. பயன்படுத்துவது

ஒரே விதி: இதில் வறுக்காதீர்கள், முடிவில் சேருங்கள். வெண்ணெயில் உள்ள பால் பொருள்கள் சூட்டில் சீக்கிரம் கருகும், தழை அதற்கும் முன்னால் கருகும். கசப்பு மட்டும் மிஞ்சும்.

மீனில் செய்து பார்த்தால் இது எதற்கென்று விளங்கிவிடும். வஞ்சிரத் துண்டுக்கு உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி, தோசைக்கல்லில் சாதாரண எண்ணெயில் இருபுறமும் சிவக்க வேகவையுங்கள். தீயை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சதகுப்பை வெண்ணெய் வில்லை ஒன்றை, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, மீனின் மேல் வையுங்கள். விளிம்பு முதலில் இளகும், நடுப்பகுதி அப்படியே நிற்கும். பாதி உருகியதும் கல்லைச் சற்றுச் சாய்த்து, ஓரத்தில் சேரும் வெண்ணெயையும் மீன் விட்ட சாற்றையும் கரண்டியால் மீண்டும் மீண்டும் மேலே ஊற்றுங்கள். இரண்டும் கலந்து மங்கலான, சற்றுக் கெட்டியான ஒரு சாறாகும். கல் மிகச் சூடாக இருந்தால் இப்படிச் சேராது, எண்ணெயாகப் பிரிந்துவிடும். அந்த ஒரு நிமிடப் பொறுமைக்கு அதுதான் காரணம். மிளகாய் மசாலா தடவிய மீனுக்கு இது தேவையில்லை, மசாலா தழையை அமுக்கிவிடும்.

ரொட்டிக்கு: பிரட் துண்டில் விளிம்புவரை தடவி, தடவாத பக்கத்தை முதலில் கல்லில் வாட்டி, பிறகு திருப்பிச் சிறு தீயில் அரை நிமிடம். அவித்த சோளக்கதிர், வேகவைத்த பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குத் தண்ணீரை முழுதாக வடித்த பிறகு, சூடாக இருக்கும்போதே ஒரு வில்லை போட்டுக் குலுக்கினால் போதும். பாஸ்தாவுக்கும் அப்படியே. கறிவேப்பிலை மிளகு வெண்ணெயைத் தோசை எடுக்கப்போகும் நேரத்தில் நடுவில் வையுங்கள். சுடுசாதத்தில் பிசைந்து அப்பளத்தோடு சாப்பிட்டும் பாருங்கள். முழுக்கோழி சுடுபவர்கள் நெஞ்சுப்பகுதித் தோலுக்கடியில் விரலை விட்டுப் பிரித்து, இளகிய வெண்ணெயைத் தடவலாம். அங்கே தோல் காப்பதால் தழை கருகாது.

உறைந்த வில்லையை இளக்க வேண்டியதில்லை, நேராகச் சூடான உணவின் மேல் வைக்கலாம். தடவுவதற்கு மட்டும் முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து கீழே மாற்றிவிடுங்கள். ஒரு வில்லை ஏறக்குறைய 9 கிராம், சுமார் 60 கலோரி. இரண்டாவது வில்லைக்குக் கை நீளும்போது இந்த எண் உதவலாம்.

8. செலவு

நான் வாங்கும் கடையில் 500 கிராம் உப்பில்லாத வெண்ணெய் 300 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக இருக்கிறது. ஆக 100 கிராமுக்கு 60 ரூபாய். கொத்தமல்லி, எலுமிச்சை, மிளகு எல்லாம் சேர்த்து 10 ரூபாய், தாள் சில ரூபாய். ஒரு வில்லை 6 ரூபாய் சொச்சம். பார்ஸ்லி, தைம் பெட்டி வாங்கினால் கணக்கு மாறும். ஒரு பெட்டித் தழை 100 கிராம் வெண்ணெய்க்கு மிக அதிகம் என்பதால் மிச்சம் வாடிப்போகும். அப்படி வாங்கினால் 300 கிராம் வெண்ணெயாகச் செய்து உறையவைத்துவிடுவதே சிக்கனம். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் எழுதிய விலைக் கணக்குகளை வைத்து ஒப்பிடாதீர்கள்.

9. விற்க நினைத்தால்

அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பாராட்டு வாங்கியதும் இந்த ஆசை வரும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் வீட்டிலிருந்தும் விற்கக் கூடாது. சிறு தயாரிப்பாளர்களுக்கான பதிவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க இதில் ஒன்றுமில்லை. கிடைக்கும் 14 இலக்கப் பதிவு எண்ணை அட்டையில் அச்சிட வேண்டும். அதோடு பொருள்களின் பட்டியல், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சைவக் குறி ஆகியவையும். பூண்டு வகையை விற்பனைக்குச் செய்யாதீர்கள். வாங்கிப்போகிறவர் அதை எவ்வளவு நேரம் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.